அடிபட்டவர்களுக்கு மட்டும்

அவர் யாரிடமும் முதலில் ‘வலிக்குதா’ என்று கேட்டதில்லை. ஆபரேஷன் முடிந்து, இமைக்குள் கண்மணி உருளத் தொடங்கியதும், கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிய ஆளிடம் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்பார்: “எங்க போய்ட்டு வந்தே?”

முதன்முதலில் அதைக் கேட்ட அன்று, கையிலிருந்த ஈரமான எக்ஸ்ரே படத்தைத் தரையில் போட்டுவிட்டேன். கட்டிலில் கிடந்த மனிதர் காலையிலிருந்து எங்கும் போகவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றியதும் இறக்கியதும் என் கண்ணெதிரில். ஆனால் அவர், பள்ளிகொண்டா பக்கத்து பஸ் கண்டக்டர், கேள்வியில் ஒரு வினோதமும் இல்லாததுபோல் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

“டிக்கெட்டா இருந்தேன் சிஸ்டர். எல்லாரும் என்னை மடிச்சு மடிச்சு ஜோபியில வெச்சுக்கிட்டாங்க. கதகதன்னு இருந்துச்சு.”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு. கிழிச்சப்பகூட வலிக்கல.”

நான் படத்தைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. அதை உறுதிசெய்துகொள்ளவேண்டியிருந்தது.

எழுபதுகளின் பிற்பாதி. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றின் மணலைப் பார்த்தபடி நின்ற ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. நான் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன். அவர் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ். ‘மயக்க சிஸ்டர்’ என்றால் ஊருக்கே தெரியும். பெயர் இருந்தது. யாரும் கூப்பிட்டுப் பழகாததால் அது வருகைப்பதிவில் மட்டும் வாழ்ந்தது. இங்கே அதை எழுப்ப எனக்கு மனமில்லை. ஒல்லியான உடம்பு. தோளில் புடவையைச் சேர்த்துக் குத்திய ஒரு சாதாரண ஊக்கு. கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு. கைகள் சில்லென்று இருக்கும் என்பது அவருக்கே தெரியும். யாரைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்காலத்தில் அந்தத் தேய்ப்புச் சத்தம் என் இருட்டறை வரைக்கும் கேட்கும்.

ஆஸ்பத்திரியைச் சுற்றிலும் தோல் பதனிடும் ஷாப்புகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஏதோ ஒரு ஷாப்பின் நாற்றத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். சுண்ணாம்பும் ஈரத்தோலும் ஆட்டுக் கொழுப்பும் சேர்ந்த நாற்றம். உருளையில் மாட்டிய கை, பிளேடு சீவிய கை, பீப்பாய் உருண்டு நசுங்கிய கால் என்று வாசலில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஈதரை முகரவைத்து மயக்கிய காலத்தில் இவர்களெல்லாம் வாந்தியோடு எழுந்தார்கள். பிறகு கெட்டமின் என்று ஒரு புது ஊசி வந்தது. அதன்பின் கதையோடு எழுந்தார்கள்.

இந்த ஊசி போட்டவர்கள் விழிக்கும்போது விளக்கை அணைத்துவிட வேண்டும், தொடக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது, மிரண்டுபோவார்கள் என்பது பெரிய டாக்டரின் கட்டளை. சிஸ்டர் விளக்கை அணைப்பார், ஜன்னலைச் சாத்துவார், பிறகு ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

“சிஸ்டர், இது ரெக்கவரி ரூம். சாட்சி சொல்ற ஜெபக்கூட்டம் இல்ல,” என்று டாக்டர் ஒருமுறை வாசலில் நின்று சொன்னார்.

“பேசாம விட்டாத்தான் டாக்டர் பயந்துடறாங்க.”

அதில் உண்மை இருந்தது. சிஸ்டர் விடுப்பில் போன நாட்களில்தான் அந்த அறையிலிருந்து அலறல் வந்தது. ஊசி ஏறும் முன்பே அவர் வேலை தொடங்கிவிடும். தேய்த்த கையை நெற்றியில் வைத்து, “எங்கயாவது போவே. பயப்படாதே. நான் இங்கயேதான் இருப்பேன். வந்து சொல்லு,” என்பார். ஊருக்குப் போகிறவரை வழியனுப்புகிற மாதிரி.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேண்டீனில் கேட்டேன். அவருடைய அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். சின்ன வயது முழுக்க பிளாட்பாரம்.

“ரயில்ல தூங்கி எழுந்து எறங்கறவங்க மூஞ்சியப் பாத்திருக்கியா தம்பி? போர்டுல ஊர் பேரைப் படிக்கற வரைக்கும் அவங்க யாருன்னு அவங்களுக்கே தெரியாது. அந்த நேரத்துல ஒருத்தர் பேச்சு குடுக்கணும். இல்லன்னா திரும்ப வண்டியில ஏறிடுவாங்க.”

திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கர்ப்பப்பை ஆபரேஷன். விழிக்கும்போதே கத்தினாள். தன் தோல் முழுசாக உரிக்கப்பட்டு, ஆட்டுத் தோல்களோடு சேர்ந்து கம்பில் காய்கிறது என்றாள். நான் அவளுடைய பழைய படத்தைக் கொடுக்கப் போனவன், கதவோரம் நின்றேன். வேறு யாராக இருந்தாலும் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா’ என்றுதான் சொல்வார்கள். சிஸ்டர் கேட்டார்: “சரி. யாரு உரிச்சது? மூஞ்சி பாத்தியா?”

அந்தப் பெண் மூச்சை இழுத்து நிறுத்தினாள். கூரையைத் தேடினாள். “நான்தான் சிஸ்டர். நானேதான் உரிச்சேன்.”

“அப்போ நீயே எடுத்து மாட்டிக்கலாமே. கம்பு எட்டுதா பாரு.”

அவள் படுத்தபடியே இரண்டு கையையும் மேலே நீட்டி எதையோ இறக்கி, ரவிக்கை போடுவதுபோல் ஒரு கை, மறு கை என்று நுழைத்துக்கொண்டாள். பிறகு தூங்கிப்போனாள்.

ஒரு உபதேசியார் வந்தார். குடலிறக்கம். முப்பது வருஷம் பிரசங்கம் செய்தவர். விழித்ததும் சிஸ்டர் வழக்கம்போலக் கேட்டார். உபதேசியாரின் இரண்டு காதுக்குள்ளும் கண்ணீர் இறங்கியது.

“அங்க யாருமே இல்ல சிஸ்டர். வெறும் வெளிச்சம். கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல.”

“நீங்க இருந்தீங்களே.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த உபதேசியாரின் பிரசங்கம் நடுவில் திடீரென்று நின்றுவிடும் என்று கேள்வி. நின்று, சபையைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். ‘ஆளு ஆபரேஷனுக்கு அப்புறம் பேஜாரு புடிச்சவரா ஆய்ட்டாரு’ என்று சபையில் முணுமுணுத்தார்கள். சிலர் மட்டும் அந்த மௌனத்துக்காகவே வந்தார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, பயந்தேன். ஒருநாள் டீ குடிக்கும்போது துணிந்து சொன்னேன். “சிஸ்டர், அது மருந்து பண்ற வேலை. மூளைக்குள்ள ஊசி கலக்கிவிடுது. அதுல போய்க் கடவுளத் தேடறீங்களே.”

கிராம்பை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார். “நீ எக்ஸ்ரே எடுக்கறே. எலும்பு உன் மிஷினாலயா தம்பி வந்துச்சு?”

“இல்ல.”

“முன்னாடியே இருந்துச்சு. மிஷின் காட்டுச்சு.”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மிஷின் பொய்நிழலும் காட்டும், படம் எடுக்கும்போது ஆள் அசைந்தால் ஒரு எலும்பு இரண்டாகத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீ ஆறிவிட்டது.

இனி அந்த ஷேவிங் மிஷின்காரர்.

பதமான தோலை ஒரே கனத்துக்குச் சீவும் இயந்திரம் அது. உருளை தோலை உள்ளே இழுக்கும், சுழலும் பிளேடு சீவும். இவர் ஆம்பூர்ப் பக்கத்து ஷாப்பு ஒன்றில் அதன்முன் நின்று வேலை பார்த்தவர். உருளை இழுத்த தோலோடு இடது கையின் இரண்டு விரல் போயிற்று. முரடர், குடிப்பவர் என்று கூட்டிவந்தவர்கள் சொன்னார்கள். நான் படம் எடுக்கும்போதே என்னை, என் மிஷினை, தன் முதலாளியை, அந்த ஆட்டை, எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

விழித்தவர் வேறு ஆள்.

“எங்க போய்ட்டு வந்தே?” என்று சிஸ்டர் கேட்டதும், மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அங்க நாத்தமே இல்ல சிஸ்டர்.”

“வேற?”

“ஒருத்தர் இருந்தாரு. மூஞ்சி தெரியல. என் கையைப் புடிச்சாரு. எடுத்து அவர் கன்னத்துல வெச்சுக்கிட்டாரு. கைய இழுத்துக்கவே இல்ல. மூஞ்சியத் திருப்பவே இல்ல.”

பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும், நின்றுகொண்டே பயணம் செய்த ஒரு ஜனத்தின் மனிதர் அவர். சோப்புப் போட்டுக் கழுவிய கையை டீக்கடைக்காரர் தொடாமல் சில்லறை போடுவதைப் பார்த்துப் பழகியவர். அந்தக் கையை ஒருவர் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அன்று சிஸ்டரும் அழுதார். கிராம்பு வாயிலிருந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

குடி நின்றது. அவருடைய சம்சாரம் ஒரு பை மாம்பழத்தோடு வந்து சிஸ்டரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். புண் ஆறியது. ஆறின பிறகும் அவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஷாப்பு லீவு. குளித்துத் தலைவாரி, ரெக்கவரி அறை வாசல் பெஞ்சில் வந்து உட்காருவார். சிஸ்டர் ஓய்வாக வந்ததும் அதே கதையைச் சொல்வார். கை, கன்னம், நாற்றமில்லாத இடம். சிஸ்டர் முதல்முறை கேட்பதுபோலவே கேட்பார். அதுதான் அவரிடம் எல்லாரையும் இழுத்தது. யார் கதையும் அவருக்குப் பழசாகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜோலார்பேட்டைக்கு இந்தப்பக்கம் ரயில் வாசலிலிருந்து விழுந்த ஒரு வெள்ளைக்கார இளைஞனைக் கொண்டுவந்தார்கள். நீள முடி, கழுத்தில் உருத்திராட்சம், கணுக்காலில் எலும்பு முறிவு. போதை மருந்து தோய்த்த, தபால்தலை அளவு காகிதத் துண்டை நாக்கில் வைத்துக் கரைத்திருக்கிறான். ரயில் நின்றுவிட்டது, வயல்தான் ஓடுகிறது என்று நினைத்து இறங்கியிருக்கிறான். மிஷன் இங்கிலீஷில் சிஸ்டர் அவனிடம் வெகுநேரம் பேசினார். வெளியே வந்து என்னிடமும், பெஞ்சில் இருந்த மிஷின்காரரிடமும் ஆச்சரியமாகச் சொன்னார்.

“அவங்க ஊர்ல இதுக்குன்னே மருந்து இருக்குதாம் தம்பி. சும்மாவே போட்டுக்கிட்டுப் போய்ட்டு வராங்களாம். கடவுளப் பாக்க.”

“சும்மாவேன்னா?” மிஷின்காரர் எழுந்து நின்றுவிட்டார். “ஒண்ணும் ஆகாமயேவா?”

“ஆமாம்பா.”

“வெள்ளக்காரனுங்க சும்மா போறானுங்க. நமக்கு மட்டும் வெரல் போவணுமா?” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சிஸ்டர், மறந்துக்கினே வருது. முன்னல்லாம் கண்ண மூடினா அந்தக் கன்னம் தெரியும். இப்போ சொல்றேன், ஆனா தெரியல. சொல்லிச் சொல்லித் தேஞ்சு போச்சு. ஒரே ஒரு தடவ போட்டு உடுங்களேன்.”

“அது ஆவாதுப்பா.”

“உங்க கையில தானே இருக்குது.”

“மருந்து ஆஸ்பத்திரியோடது. அடிபட்டவங்களுக்கு மட்டும்தான்.” அவர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, தேய்த்த கையால் அவர் தோளைத் தட்டி, விளையாட்டாகச் சேர்த்துக்கொண்டார்: “அடி பட்டுக்கிட்டு வா, போடறேன்.”

நாங்கள் எல்லோரும் தினமும் சொல்கிற மாதிரி ஒரு வாக்கியம். காய்ச்சல் வந்தா வா, மாத்திரை தர்றேன் என்கிற மாதிரி. மிஷின்காரர் தலையாட்டினார். கடைக்கு வந்த பிள்ளைகள் விலையைக் கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்களே, அப்படி. அந்தத் தலையாட்டலை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மதியச் சோறு நினைவு வந்தது, போய்விட்டேன்.

கொஞ்ச நாள் அவர் பெஞ்சுக்கு வரவில்லை. “வேலை ஜாஸ்தி போல,” என்றார் சிஸ்டர்.

பிறகு ஒரு பகல். ஷாப்பு லாரி ஆஸ்பத்திரி வாசலில் கிரீச்சிட்டு நின்றது. கோணி சுற்றிய ஒரு கையோடு அவரை இறக்கினார்கள். வலது கை. நான் பிலிம் பெட்டியை அந்தக் கைக்கு அடியில் வைத்தேன். நான்கு விரல்கள் இருந்த இடத்தில் விரல்கள் இல்லை. வேலையில் எத்தனையோ பார்த்தவன்தான் நான். அன்று என்னை அடித்துப்போட்டது கை இல்லை. முகம். ரத்தம் வற்றிச் சுண்ணாம்பாய் வெளுத்த முகம், அதில் மாப்பிள்ளைக் களை. சிரித்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே ஓடிவந்தார்.

“சிஸ்டர்,” என்றார் அவர், காத்திருந்து வாங்கிய சேதியைச் சொல்வதுபோல. “அடிபட்டுடுச்சு. இப்போ போடலாம் இல்ல?”

தேய்த்த கைகள் நின்றன. அந்தச் சத்தம் நின்றதை நான் கேட்டேன். ஒரு சத்தம் நிற்பதைக் கேட்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

கூட வந்த தொழிலாளி சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதான். “அவரே கைய மிஷின்ல வெச்சாரு சார். எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னாரு. இன்னாத்துக்குண்ணான்னு கேட்டேன். ஊருக்குப் போறேன்டான்னாரு. சொல்லிக்கினே வெச்சாரு.”

சிஸ்டர் டாக்டரிடம் போனார். பேச்சு குழறியது. “டாக்டர், கையை மட்டும் மரக்கவெச்சுப் பண்ண முடியாதா? மயக்கம் வேணாம் டாக்டர்.”

“ரத்தம் எவ்ளோ போயிருக்கு பாருங்க. அதுக்கெல்லாம் நேரமில்ல சிஸ்டர். வழக்கமா குடுக்கறதைக் குடுங்க.”

கொடுத்தார். ஊசி ஏறும்போது வழக்கமாகச் சொல்லும் எதையும் சொல்லவில்லை. எங்கயாவது போவே என்று சொல்லவில்லை, வந்து சொல்லு என்று சொல்லவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது ஒரு சொல்தான். “வந்துடுப்பா.” ஆனால் மிஷின்காரர் அதற்குள் கிளம்பிவிட்டார். கண் திறந்தபடியே இருந்தது. இந்த ஊசியில் கண் உடனே மூடாது. எங்களைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் முடியும்போது அவருடைய சம்சாரம் வந்துவிட்டாள். லாரியோடு வந்தவன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அழவில்லை. சிஸ்டர் வெளியே வந்ததும் நேரே எதிரில் வந்து நின்றாள்.

“அவர் கையை யாரோ கன்னத்துல வெச்சுக்கிட்டாராமே. உங்ககிட்ட சொன்னாரு. ஷாப்பு ஃபுல்லா சொன்னாரு. என்கிட்டயும் சொன்னாரு.”

சிஸ்டர் பின்னால் கதவைச் சாத்தினார்.

“அந்தக் கைய புடிச்சிக்கினுதான் சிஸ்டர் நான் வந்தேன். அந்தக் கையால சோறு வாங்கித் தின்னேன். குடிச்சிட்டு வந்தா அந்தக் கையால அடியும் வாங்கனேன். நாறுதுன்னு ஒரு நாள் மூஞ்சியத் திருப்பியிருப்பேனா? கேளுங்க அவர. திருப்பியிருப்பேனா?”

“இல்லம்மா.”

“எங்க போய்ட்டு வந்தே, எங்க போய்ட்டு வந்தேன்னு அவர் போன எடத்தையே கேட்டீங்க. வந்து சேர்ற எடத்துல நான் ஒருத்தி நின்னுக்கினு இருக்கறேனே. அதை யாராவது கேட்டீங்களா?”

காரிடாரில் அத்தனை பேர் இருந்தோம். டாக்டர்கூடத் தலைகுனிந்தபடி கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார், கழற்றி முடித்த பிறகும்.

சிஸ்டர் உள்ளே போனார். நான் படத்தைக் கொடுக்கும் சாக்கில் பின்னாலேயே போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ஸ்டூலை இழுத்தார். உட்காரவில்லை. கட்டிலில் மிஷின்காரரின் இமைக்குள் கண்மணி உருண்டது. திறந்தது. சிஸ்டரைப் பார்த்ததும் முகம் முழுக்க ஒரு மலர்ச்சி. நிறையக் கொண்டுவந்திருக்கிறார் என்று தெரிந்தது. கேள்விக்காகக் காத்திருந்தார்.

சிஸ்டர் குனிந்தார். “வலிக்குதா?” என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயால் நான் கேட்டிராத கேள்வி.

மிஷின்காரருக்குப் புரியவில்லை. “சிஸ்டர், கேளுங்க.”

“கேட்டேனே. வலிக்குதாப்பா?”

“அது இல்ல சிஸ்டர். எங்க போய்ட்டு வந்தேன்னு கேளுங்க. மறந்துடும் சிஸ்டர். சீக்கிரமா கேளுங்க.”

அந்தக் கேள்வி சிஸ்டரின் நாக்குக்கு இந்தப்பக்கம் நிற்பதை நான் பார்த்தேன். “கை வலிக்குதான்னு கேட்டேன்,” என்றார் மறுபடி.

அப்போதுதான் அவர் தன் கையைப் பார்த்தார். வெள்ளைக் கட்டு. அது முடிகிற இடம். முடிந்திருக்கக்கூடாத இடத்தில் முடிந்திருந்தது. வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கொண்டுவந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது, கடைசி வண்டி போன பிளாட்பாரம் மாதிரி.

“வலிக்குது சிஸ்டர்,” என்றார். பிறகு அந்த அலறல் வந்தது. என் இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டாலும், இத்தனை வருஷம் கழித்து எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும், நான் கேட்கிற சத்தம்.

சிஸ்டர் கதவைத் திறந்து சம்சாரத்தை உள்ளே அனுப்பினார். அவள் வந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், மூன்று விரல் மிச்சமிருந்த இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அவள் கோபம் அவ்வளவு சீக்கிரம் அடங்குகிற கோபமில்லை.

நாங்கள் வெளியே வந்தோம். சிஸ்டர் குழாயடிக்குப் போய்க் கிராம்பைத் துப்பினார். வாய் கொப்பளித்தார். ஈரக்கையைத் தேய்க்காமல் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். சுண்ணாம்பு வாடையோடு காற்று அடித்தது.

“நான் கேக்கல தம்பி,” என்றார்.

“ஆமா சிஸ்டர்.”

ஆற்று மணல் பக்கம் திரும்பினார். பிறகு, எனக்குக்கூடக் கேட்கக்கூடாது என்பதுபோல் மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“கேக்கணும்போல இருந்துச்சு.”